விறலி சொன்ன பதில்

இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அடுக்கிய ஆயுதங்கள். ஔவை பார்க்கிறார். உன்னுடையவை இப்படி அழகாகக் காவலோடு இருக்கின்றன, எங்களவனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வஞ்சப் புகழ்ச்சி என்று சொல்லி, தேர்வுக்கு வரும் கேள்வி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அம்மா, அந்த ராஜாவுக்கு மந்திரியே இல்லையா? பாட்டுப் பாடுறவங்கள எதுக்கு அனுப்பினான்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே வந்தது.

இதே ஔவையிடம் 89ஆம் பாட்டில் ஒரு பகை மன்னன் பேச்சுக் கொடுக்கிறான். அவர் இடுப்பையும் மையிட்ட கண்ணையும் ஒளியுள்ள நெற்றியையும் வருணித்து, விறலியே என்று கூப்பிட்டு, உங்கள் நாட்டில் சண்டை போடத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்கிறான். ஒரு பெண் கலைஞர் வேற்று அரசவையில் நின்றால் முதலில் என்ன கண்ணில் படும் என்பது அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஔவை அந்த வருணனையைத் தட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறார். மன்றில் தொங்கும் முரசின் தோலில் காற்று பட்டுச் சத்தம் வந்தாலே போர் வந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறவன் எங்கள் தலைவன் என்று பதில் சொல்கிறார். அவரைப் பாட்டுக்காரி என்று அனுப்பினார்கள், பெண் என்று பார்த்தார்கள். என்ன சொல்வது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. திருக்குறளில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. சொல்லத் தெரிவது தூதருக்கு இன்றியமையாத தகுதிகளில் ஒன்று என்கிறது அது.

இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் மறுபடியும் கலைஞர்களைத் தூது அனுப்பத் தொடங்கின. சுதந்திர இந்தியா 1950இல் மௌலானா ஆசாத்தின் முயற்சியில் கலாச்சார உறவுகளுக்கான கவுன்சிலைத் தொடங்கியது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1954இல் இதற்கென்று ஒரு தனி நிதியைப் பெற்றார். அது பனிப்போர்க் காலம். புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்று இரண்டு வல்லரசுகளும் பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்பின மக்களைத் தனிப் பள்ளியிலும் தனிப் பெட்டியிலும் தனிக் குழாயடியிலும் வைத்திருக்கும் நாடா உங்களுக்குச் சுதந்திரம் சொல்லித்தருகிறது என்று சோவியத் ஒன்றியம் கேட்டது. அமெரிக்காவின் வெளியுறவுத் துறை அதற்குச் சொன்ன பதில்களில் ஒன்று, கறுப்பினக் கலைஞர்களையே தூதர்களாக அனுப்புவது. 1956இல் டிஸ்ஸி கில்லஸ்பியின் ஜாஸ் குழு மத்திய கிழக்குக்கும் தெற்காசியாவுக்கும் போனது. டிராம்போன் வாசித்து, இசைக்கோவைகளும் அமைத்துத் தந்த மெல்பா லிஸ்டன் அந்தக் குழுவில் இருந்தார். வாத்தியக்காரர்களில் அவர் ஒருவரே பெண்.

அடுத்த ஆண்டு மரியன் ஆண்டர்சன் ஆசியாவுக்கு வந்தார்.

1897இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். அவர் சீக்கிரமே இறந்துவிட, அம்மா வீட்டுவேலைகளும் துப்புரவு வேலையும் செய்து மகள்களை வளர்த்தார். உள்ளூர் இசைப்பள்ளி ஒன்றில் சேரப் போனபோது நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஐரோப்பா அவரைக் கொண்டாடிய பிறகும் சொந்த நாடு கதவைத் திறக்கவில்லை. 1939இல் தலைநகர் வாஷிங்டனின் பெரிய அரங்கத்தை அவருக்குத் தர அதன் உரிமையாளர்கள் மறுத்தார்கள். அந்த உரிமையாளர்கள் ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்ற பெண்கள் அமைப்பு என்பதை நாம் கவனிக்காமல் போகக் கூடாது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியில் 75,000 பேருக்கு முன்னால் மரியன் பாடினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவர்தான். அந்த வாய்ப்பு வந்தது 1955இல். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு குரலின் நல்ல காலமெல்லாம் கடந்த பிறகு.

1957 செப்டம்பரில் வெளியுறவுத் துறை அவரைக் கொரியாவிலிருந்து இந்தியா வரையான ஆசியப் பயணத்துக்கு அனுப்பியது. அதே மாதத்தில் அர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்க, ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். புத்தகங்களை அணைத்தபடி நடந்த எலிசபெத் எக்ஃபோர்டின் பின்னால் கூட்டம் கத்திக்கொண்டு வரும் புகைப்படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

ஆக, மரியன் இறங்கிய ஊரிலெல்லாம் அந்தப் புகைப்படம் அவருக்கு முன்பே வந்து இறங்கியிருந்தது. உங்களை அனுப்பிய நாடு இப்படிச் செய்கிறதே என்று கேட்டார்கள். அந்த ஆளுநர் முன் நீங்கள் பாடுவீர்களா என்றே ஒருவர் கேட்டார். அவர் கேட்கும் மனநிலையில் இருந்தால், அது ஏதாவது நன்மை செய்யும் என்றால், மகிழ்ச்சியோடு பாடுவேன் என்பது போல நிதானமாகப் பதில் சொன்னார் மரியன். தில்லியில் காந்தியின் நினைவாக, காந்திக்குப் பிடித்தமான கிறித்தவப் பாடல் ஒன்றைப் பாடினார். கூடவே வந்த எட்வர்ட் மர்ரோவின் தொலைக்காட்சிக் குழு எல்லாவற்றையும் படம் பிடித்தது. அந்த ஆண்டின் கடைசியில் அது அமெரிக்காவில் ஒளிபரப்பானது, பிறகு அரசின் செலவில் பல நாடுகளுக்கும் போனது.

இதே செப்டம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன ஊரில் கச்சேரிக்குப் போன இடத்தில் இளம் நிருபர் ஒருவர் லிட்டில் ராக் பற்றிக் கேட்டபோது அவர் வெடித்தார். அதிபரையும் ஆளுநரையும் வாய்க்கு வந்தபடி திட்டி, தென்மாநிலங்களில் என் மக்களை இப்படி நடத்தும் அரசுக்காக நான் போக மாட்டேன் என்றார். அவருக்கும் எதிர்ப்பு வந்தது, கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஆனாலும் 1960இல் அதே வெளியுறவுத் துறை அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. கோபம் அவரைத் தூதர் பதவிக்குத் தகுதியற்றவராக ஆக்கிவிடவில்லை.

மரியன் அப்படிக் கோபப்பட்டிருந்தால்? வரலாற்றில் ‘இருந்தால்’ போட்டு எழுதுவது ஆராய்ச்சி முறைக்கு ஆகாது என்று என் நெறியாளர் சொல்வார். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது. மரியனிடம் அந்த நாடு எதிர்பார்த்தது பொறுமை. அவமானத்தை விழுங்கிவிட்டுப் பாடிய பெண் என்பதே அவரைத் தேர்ந்தெடுத்ததற்கான தகுதியாக இருந்தது. கோபப்படும் உரிமை ஆம்ஸ்ட்ராங்குக்கும் எளிதாகக் கிடைக்கவில்லை. மரியனுக்கோ அந்தப் பொறுமைதான் வேலையே.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1966 அக்டோபரில், நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். ஐ.நா.வில் உயர் பொறுப்பில் இருந்த சி.வி. நரசிம்மனின் முயற்சியில் வந்த அழைப்பு. அந்தக் கச்சேரியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் முக்கால்வாசி பெருமிதம்தான், அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. என் பாட்டி வீட்டு வானொலிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், எம்.எஸ். படம் இருந்தது. தலை நிறையப் பூ, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி. சாமி படத்துக்கு வைக்கும் குங்குமத்தைப் பாட்டி இந்தப் படத்துக்கும் வைப்பாள்.

அன்றைய கச்சேரியின் இரண்டு பாடல்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஒன்று, காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி சமஸ்கிருதத்தில் எழுதித் தந்தது, வசந்த் தேசாய் மெட்டமைத்தது. மற்றது, ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதியது, சென்னை வானொலியின் ஹாண்டல் மானுவல் இசை அமைத்தது. உலக நாடுகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டின் சாரமும். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோன எம்.எஸ். அந்த ஆங்கில வரிகளை எழுத்தெழுத்தாகப் பழகிப் பிசகில்லாமல் பாடினார். உழைப்பில் அவருக்கு இணை யார்?

ஆனால் வகுப்பில் கேட்ட கேள்வி இங்கே திரும்ப வருகிறது. உலகத்தின் முன் நின்ற அந்தப் பெண்ணின் வாயில் இருந்த செய்தியை எழுதியவர்கள் இரண்டு முதிய ஆண்கள், ஒருவர் மடாதிபதி, ஒருவர் அரசியல் தலைவர். என்ன பாடுவது, எந்த வரிசையில் பாடுவது என்பதையெல்லாம் கணவர் சதாசிவம் தீர்மானிப்பார் என்பது ஊரறிந்த செய்தி. குரல் மட்டும் அவருடையது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது அரங்கில் சொல்லப்படவில்லை. மதுரையில் 1916இல் பிறந்தவர். அம்மா வீணை வாசித்த சண்முகவடிவு, பாட்டி வயலின் வாசித்த அக்கம்மாள். தேவதாசி மரபில் வந்த குடும்பம். 1940இல் சதாசிவத்தைத் திருமணம் செய்த பிறகு, பிராமணக் குடும்பத்துச் சுமங்கலி என்ற உருவம் மெல்ல மெல்ல அவர் மேல் படிந்து, கடைசியில் நாட்டின் உருவமாகவே ஆனது. என் பாட்டி பொட்டு வைத்தது அந்த உருவத்துக்குத்தான். ஆனால் எம். என்றால் மதுரை, எஸ். என்றால் சண்முகவடிவு. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடும் நாட்டில், ஒரு தேவதாசியின் பெயர் ஐ.நா. சபைக்குள் ஒற்றை எழுத்தாக நுழைந்து உட்கார்ந்திருந்தது. அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது முடியவில்லை.

எம்.எஸ்ஸை வாயில்லாப் பூச்சி என்று எழுத எனக்கு மனம் வராது. ஒரு விருத்தத்தை அவர் எடுத்து நிறுத்தும் இடத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை, அவர் மட்டும்தான் இருக்கிறார். பாட்டில் அவருக்கு இருந்த அந்த இடம் பேச்சில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

இதை நான் வரலாற்றிலிருந்து மட்டும் கேட்கவில்லை. முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றுக்கு வெளியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. வழக்கம்போல் பெண்பிள்ளைகளுக்குப் பட்டுச் சேலை கட்டி, குத்துவிளக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. இறைவணக்கம் பாடிய மாணவி அருமையாகப் பாடினாள். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிற்பகலில் மாணவர்களோடு குழுவினர் பேசும் நேரம் ஒன்று இருந்தது. விடுதியில் தண்ணீர் வராததைச் சொல்ல வேண்டும் என்று அவள் பெயர் கொடுத்திருந்தாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். “நீ பாடினதே போதும்மா, நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்ட” என்று பொறுப்பாளர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

எம்.எஸ்ஸின் சிநேகிதி ஒருவர் இருந்தார். அவரை விட இரண்டு வயது இளையவர், 1918இல் பிறந்த தஞ்சாவூர் பாலசரசுவதி. வீணை தனம்மாளின் பேத்தி, பாடகி ஜயம்மாளின் மகள். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது மட்டுமல்ல, கோயில் வளாகத்தில் பெண் ஆடுவதும் அந்தச் சட்டப்படி குற்றமானது. அந்தச் சட்டத்தை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. அதற்காக இருபது ஆண்டுகள் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் அதே மரபில் பிறந்தவர்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்வின் கசப்பை உள்ளிருந்தே அறிந்து எழுதியவர். சிறுமிகளைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் ஆட்டம் அறிந்த பெண்களுக்கு அது என்ன வைத்துவிட்டுப் போனது என்ற கேள்விக்கு, ஒழித்தவர்களிடமும் பதில் இல்லை, ஆட்டத்தைக் கைமாற்றிக்கொண்ட மேல்சாதியாரிடமும் பதில் இல்லை. திருத்தணி முருகன் முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில், பாலா ஒருமுறை ஆடிவிட்டு வந்ததாக அவருடைய வாழ்க்கைக் கதையில் வருகிறது.

சொந்த ஊர்க் கோயிலில் திருட்டுத்தனமாக ஆட வேண்டியிருந்தவரை உலகம் மேடை போட்டுக் கூப்பிட்டது. 1961இல் டோக்கியோவில் கிழக்கு-மேற்கு இசைச் சந்திப்பு. அதை முன்நின்று நடத்திய அமைப்புகளில் ஒன்று, நிக்கோலஸ் நபோக்கோவ் செயலாளராக இருந்த கலாச்சாரச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ். அந்த அமைப்புக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பணம் தந்துவந்தது என்பது 1966-67இல்தான் வெளியே தெரிந்தது. மேடையில் ஆடியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தூது போகிறவருக்கு, தான் யாருடைய தூது என்பதே தெரியாத காலம் அது. ஔவைக்கு அந்தக் குழப்பமாவது இல்லை.

1962இல் அமெரிக்கப் பயணம். மாசசூசெட்ஸில் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலும் பல பல்கலைக்கழகங்களிலும் ஆடினார். தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் பின்னாளில் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் பாட்டும் புல்லாங்குழலும் கற்பித்தார்கள். பாலாவும் அங்கே போய்க் கற்பித்தார். கோயில் வாசலில் மூடப்பட்ட ஒரு குடும்பத்தின் சொத்து, அமெரிக்க மாணவர்களுக்குப் பாடமாகிப் போனது.

பாலா எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்போது இங்கே பரதநாட்டியத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்டினால்தான் அது குடும்பப் பெண்கள் ஆடத்தக்கது ஆகும் என்றார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அந்தச் சுத்தமான வடிவம்தான் வசதியானது. பாலாவோ பதங்களை எடுத்துக்கொண்டு போனார். பதத்தில் பேசுகிறவள் ஒரு பெண். காதலனை ஏசுவாள், ஏளனம் செய்வாள், இன்னொருத்தி வீட்டில்தானே இருந்தாய் என்று பிடிப்பாள், போ என்பாள், போய்விட்டால் அழுவாள். பல்லவி ஒரே வரியாகத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு வரிக்கு அந்தக் கணத்தில் என்ன பொருள் என்பதை ஆடுகிறவள் தீர்மானிப்பாள், அடுத்த முறை மாற்றுவாள். வரியை எழுதியது க்ஷேத்ரய்யாவாக இருக்கலாம். பேச்சு பாலாவுடையது. தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாத பார்வையாளர்களிடம் முகத்தாலும் கையாலும் அதைப் பேசினார்.

வாயாலும் பேசினார். 1975இல் தமிழிசைச் சங்கத்தின் மாநாட்டில் தலைமை உரையாற்றியபோது, சிருங்காரம்தான் பரதத்தின் உயிர் என்றும், அதைத் தூய்மைப்படுத்த வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது தந்திருந்தது. விருது வாங்கிய பிறகு பணிவாக இருப்பதுதான் இங்கே வழக்கம். ‘பாலா அம்மா கொஞ்சம் முசுடு’ என்று பழைய ரசிகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எம்.எஸ்ஸைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, என் பாட்டி வீட்டுச் சுவரில் பாலாவின் படம் இல்லை.

1963 எடின்பரோ விழாவில் எம்.எஸ்., பாலா இருவருமே கலந்துகொண்டார்கள். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அதே விழாவுக்குப் போயிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அந்த இரண்டு சிநேகிதிகளும் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்திருப்பார்களா, என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. யோசிக்கும்போதெல்லாம் அவர்களுடைய அந்தப் பழைய புகைப்படம் நினைவுக்கு வரும். பலரும் பார்த்திருப்பீர்கள். 1937ஆம் ஆண்டு, ஸ்டூடியோவில் எடுத்தது. இருவருக்கும் இருபது வயதுக்கு முன்பின். புடவை இல்லை, மூக்குத்தி மினுங்கவில்லை. கோடு போட்ட பைஜாமாவும் சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் பற்றவைக்காத சிகரெட்டோடு, கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் எடுத்த படமாம்.

இந்த ஆண்டு 95ஆம் பாட்டு நடத்தும்போது அந்தப் படத்தின் நகலையும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். யாரென்று நான் சொல்லும் வரை ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை.